இழுக்கிற குதிரைக்கு ஐந்து பிட் மாற்றிப் பார்த்தேன்: எது உருப்படி, எது வேண்டாம்

கடைசித் தடையைத் தாண்டி இறங்கியதும் குதிரையை நிறுத்த எனக்கு இரண்டு முழுச் சுற்று ஆனது. நிறுத்தினேன் என்று சொல்வதுகூடப் பொய்தான், மூன்றாவது சுற்றில் அவனுக்கே சலித்துப்போய் நின்றான். இறங்கிக் கையுறையைக் கழற்றினால் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் தோல் உரிந்து துணியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான்கு பாய்ச்சலில் கடக்க வேண்டிய 18 மீட்டர் இடைவெளியை மூன்றே பாய்ச்சலில் முடித்து, ரொம்பத் தூரத்திலிருந்தே எழும்பி, எப்படியோ கம்பு விழாமல் தாண்டிவிட்டான். பார்த்தவர்கள் கை தட்டினார்கள். எனக்கு உயிர் போய் வந்தது.

அன்றைக்கு ஆரம்பித்தது இந்தத் தேடல். ஒன்றரை வருடத்தில் ஐந்து பிட் அவன் வாய்க்குள் போய் வந்திருக்கிறது, அதில் எது உதவியது, எதை வாங்கியதற்கு என்னையே திட்டிக்கொண்டேன் என்பதை எழுதி வைக்கிறேன். கடிவாளம் என்று சொன்னால் தலையில் மாட்டும் தோல்வார் எல்லாம் சேர்ந்து வந்துவிடும், அதனால் வாய்க்குள் போகும் துண்டை மட்டும் பிட் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

குதிரை பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்ற தரோபிரெட் (பந்தயத்துக்கென்றே வளர்க்கிற இனம்), காயடித்தவன், 16 கை உயரம், அதாவது 162 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. கையில் பிடித்து நடத்தினால் ஆட்டுக்குட்டி. ட்ராட்டில், அதாவது துள்ளு நடையில், தொல்லை இல்லை, தடை இல்லாத மைதானத்தில் கேன்டர் என்கிற நிதானமான பாய்ச்சல் ஓட்டத்திலும் தொல்லை இல்லை. வண்ணம் பூசிய கம்பு கண்ணில் பட்டால்தான் ஆள் மாறிவிடுவான். இதில் அவன் தப்பு பாதிகூடக் கிடையாது. பந்தயக் குதிரையைப் பழக்கும்போது, பிட்டிலிருந்து நம் கைக்கு வருகிற வாரைச் சுருக்கிப் பிடித்தால் அதன்மேல் சாய்ந்துகொண்டு ஓடத்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் "மெதுவா, மெதுவா" என்று இழுக்க இழுக்க அவனுக்கு அது "போ, போ" என்று கேட்டிருக்கிறது. இது என் மண்டையில் ஏற நான்கு மாதம் ஆனது, அதற்குள் இரண்டு பிட் வாங்கியாகிவிட்டது.

இழுக்கிறான், இழுக்கிறான் என்று எல்லாரும் ஒரே வார்த்தையில் சொல்கிறோம், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இழுக்கும். ஒன்று தலையைக் கீழே தொங்கப்போட்டு, மொத்தப் பாரத்தையும் உங்கள் கையில் இறக்கிவிட்டு, கூடை சுமக்க வைக்கிற மாதிரி ஓடும். இன்னொன்று மூக்கை வானத்துக்குத் தூக்கி, முதுகைக் குழித்துக்கொண்டு ஓடும், அதற்குப் பிட் பல் பக்கம் ஏறிவிடுவதால் நீங்கள் இழுப்பது எங்கேயும் போய்ச் சேராது. மூன்றாவது வகை முகவாயை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு, வார் தளர்ந்து தொங்க, கண்ணுக்கு அழகாகக் கழுத்தை வளைத்தபடியே ஓடிப்போய்விடும். அது இருப்பதிலேயே பயங்கரம். நாக்கைப் பிட்டுக்கு மேலே போட்டுக்கொண்டு தாடையைப் பூட்டி வைத்துக்கொள்ளும் குதிரையும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் ஒரே பிட்டை எடுத்து நீட்டுகிற கடைக்காரரை நம்பாதீர்கள். நான் நம்பினேன், அதுதான் கீழே வரப்போகிற மூன்று வளையக் கதை.

என்னுடையவன் முதல் வகை. இறங்கிய மறுநொடி தலையைத் தாழ்த்திக் கைமேல் சாய்ந்துவிடுவான்.

பிட் வாங்குவதற்கு முன்னால் பல்லைப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தேன், நல்லவேளை. மேல் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரம் கத்தி மாதிரி கூராகி, கன்னத்தின் உள்பக்கம் புண்ணாகியிருந்தது. அது போதாதென்று முதல் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால், சரியாகப் பிட் வந்து முட்டுகிற இடத்தில், ஓநாய்ப் பல் என்று சொல்கிற குட்டிப் பல் ஒன்று முளைத்திருந்தது. பல்லைத் தேய்த்து, குட்டிப் பல்லைப் பிடுங்கி, ஆறும்வரை வாயில் எதுவும் போடாமல் விட்டேன். சேணமும் தோளுக்குப் பின்னால் அழுத்திக்கொண்டிருந்தது, அதையும் மாற்றினேன். இழுப்பு கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தான், ஆனால் இதைச் செய்யாமல் பிட்டை மட்டும் மாற்றியிருந்தால் வலியில் ஓடுகிறவனுக்கு இன்னும் வலி கொடுத்து இன்னும் வேகமாக ஓட விட்டிருப்பேன்.

அப்புறம் அளவு. ஒரு கயிற்றில் ஒரு முனையில் முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சை உதட்டின் ஒரு ஓரத்தில் வைத்து, பிட் படுக்கிற இடத்தில் கயிற்றை வாய்க்குள் கொண்டுபோய் மறு உதட்டோரம் வரை இழுத்து, அங்கே நகத்தால் பிடித்து எடுத்து அளந்தேன். 130 மில்லிமீட்டர் வந்தது. அதுவரை நான் போட்டுக்கொண்டிருந்த பிட் 145. நடுவில் ஒரே மூட்டு இருக்கிற பிட் இவ்வளவு அகலமாக இருந்தால் ஒரு பக்கம் இழுக்கும்போது மூட்டு நடுவை விட்டு நகர்ந்து மறுபக்க ஈறில் போய் இடிக்கும். வளையம் சுழல்கிற வகையென்றால் இரண்டு பக்கமும் 5 மில்லிமீட்டர் வெளியே தெரிந்தால் போதும், உதடு வளையத்தில் நசுங்காது.

தடிமனைப் பற்றி எல்லாரும் சொல்வது ஒன்று, வாய்க்குள் இருப்பது வேறு. தடித்த பிட் மென்மை, மெல்லிய பிட் கடுமை என்பார்கள். மெல்லியது வெட்டும் என்பது சரிதான். ஆனால் வாயை மூடினால் குதிரையின் நாக்கு உள்ளே கிட்டத்தட்ட முழு இடத்தையும் நிரப்பிக்கொண்டு இருக்கிறது, மிச்சமே இல்லை. வெட்டுப்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் பல் இல்லாத ஈறு ஒன்று இருக்கிறதே, அங்கே கட்டைவிரலை வைத்துப் பாருங்கள் என்று பல் வைத்தியர் சொல்லி நானும் வைத்தேன். தோலுக்கு அடியில் உடனே எலும்பு, அதுவும் கத்தி முதுகு மாதிரி குறுகலான எலும்பு. அந்தத் தொடுதலுக்குப் பிறகு வாரை வெடுக்கென்று இழுக்க எனக்குக் கை வரவில்லை. 20 மில்லிமீட்டர் பிட்டை அந்த வாய்க்குள் வைத்தால் மெல்லாமல் அடைத்து வைத்த மாதிரி, வாயைத் திறந்துகொண்டே நிற்பான். 14 மில்லிமீட்டருக்கு வந்ததும் வாய் மூடியது.

சரி, பிட்டுகளுக்கு வருகிறேன்.

அவனோடு வந்தது சுழல் வளையம், நடுவில் ஒரே மூட்டு உள்ள ஸ்நாஃபிள். எல்லா லாயத்திலும் ஆணியில் தொங்குவது இதுதான். ஸ்நாஃபிள் என்றால் நடுவில் மூட்டு இருப்பது என்று நினைத்துக்கொள்கிறார்கள், மூட்டே இல்லாத நேர்க்கம்பியும் ஸ்நாஃபிள்தான். நெம்புகோல் கிடையாது, நீங்கள் 1 கிலோ இழுத்தால் வாயில் 1 கிலோ, அவ்வளவுதான் அதன் இலக்கணம். ஒரே மூட்டு உள்ளது இரண்டு வாரையும் சேர்த்து இழுக்கும்போது பாக்குவெட்டி மாதிரி மடங்கும், சில வாயில் மூட்டு மேல் அண்ணத்தையும் தொடும். என்னுடையவன் இதைக் கடித்துப் பிடித்துக்கொண்டு, சுவரில் முட்டுக்கொடுக்கிற மாதிரி அதன்மேல் சாய்ந்துகொள்வான். எனக்கு உதவவில்லை. பழியைப் பிட்மேல் போட மாட்டேன், அளவும் தப்பு, என் கையும் தப்பு.

இரண்டாவதாக, நடுவில் உருண்டையான சின்னத் துண்டு வைத்து இரண்டு மூட்டு உள்ள ஸ்நாஃபிள். நாக்கின்மேல் வளைந்து படுத்துக்கொள்ளும், அண்ணத்தில் குத்தாது. வாங்கும்போது நடுத்துண்டை விரலால் தடவிப் பாருங்கள். தட்டையான தகடு சாய்த்து வைத்தது டாக்டர் பிரிஸ்டல் என்ற வகை, அதன் ஓரம் நாக்கில் அழுந்தும், பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்தாலும் வேலை வேறு. உருண்டைத் துண்டு போட்ட நாளிலிருந்து, தடை வைக்காமல் செய்கிற பயிற்சி எல்லாம் மாறிவிட்டது. உதட்டில் வெள்ளை நுரை, தாடை தளர்ந்து மெல்லுகிற சத்தம், திருப்பம் எல்லாம் வெண்ணெய். தடை வைத்தால் மட்டும் பழைய கதை, ஆனால் பழைய கதையிலும் அரைச் சுற்று குறைந்தது. தினசரிக்கு இன்றைக்கும் இதுதான். ஐந்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்று யாருக்கும் சொல்லக்கூடியது இது ஒன்றே.

மூன்றாவது வாட்டர்ஃபோர்ட். கம்பியே கிடையாது, உருண்டை உருண்டையாகக் கோத்த இரும்பு மணிமாலை. கையில் எடுத்தால் பாம்பு மாதிரி வளைந்து விழுந்து கலகலவென்று சத்தம் போடும். சாய்ந்துகொள்ள நேரான இடமே இல்லாததால் சாய்கிற குதிரைக்கு இது பொருத்தம் என்பது கணக்கு. கணக்கு பலித்தது. முதல் நாள் தடையைத் தாண்டி இறங்கி வழக்கம்போலத் தலையைச் சாய்த்தான், பிடிமானம் வழுக்கிக்கொண்டு போனது, படி இருக்கும் என்று கால் வைத்து ஏமாந்தவன் மாதிரி ஒரு நொடி திகைத்து, தானே தலையைத் தூக்கிக்கொண்டான். நான் மேலே உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

குறையும் உண்டு. கை ஆடாமல் இருக்கவேண்டும். இரண்டு வாரையும் மாறி மாறி அறுக்கிற பழக்கம் உள்ளவர் கையில் இந்த மணிகள் ரம்பம். நேராகச் செல்லும் துல்லியமும் குறைகிறது, கோணலான தடைக்கு வரும்போது இடது வாரில் சொன்னது வலது பக்கம் போய்ச் சேருவதற்குள் மாலை நெளிந்து பாதிச் செய்தி தொலைந்துவிடும். இரண்டு மாதம் கழித்து அவன் பிட்டைத் தொடவே மாட்டேன் என்று பின்னால் ஒதுங்க ஆரம்பித்தான், அங்கே நிறுத்திக்கொண்டேன். திறந்த வெளியில் வேகமாகப் போகிற நாளுக்கு மட்டும் எப்போதாவது எடுக்கிறேன்.

நான்காவது அந்தப் புகழ்பெற்ற மூன்று வளையம். டச்சு காக் என்றும் பெசோவா என்றும் சொல்கிறார்கள். பெரிய வளையம் ஒன்று, மேலே ஒரு சின்னது, கீழே ஒன்றோ இரண்டோ. தடை தாண்டுகிற மைதானத்தில் பாதிக் குதிரைகளின் வாயில் இதுதான் தொங்குகிறது. "ஒரே பிட், மூன்று பிரேக்" என்று சொல்லி என் தலையில் கட்டினார்கள், வார் கீழே போகப் போகப் பிரேக் கூடுமாம். பெரிய வளையத்தில் வாரை மாட்டினால் கிட்டத்தட்ட ஸ்நாஃபிள்தான், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நான் ஆசைப்பட்டு அடி வளையத்துக்குப் போனேன்.

முதல் நாள் அற்புதம், நின்றான். இரண்டாவது நாளும் நின்றான். இரண்டாவது வாரத்தில் முகவாயை நெஞ்சில் மடக்கக் கற்றுக்கொண்டான், அதாவது முதல் வகைக் குதிரையை நானே மூன்றாவது வகை ஆக்கிவிட்டேன். தடைக்கு முன்னால் கழுத்து மடங்கியிருந்ததால் தடையை அவன் சரியாகப் பார்க்கவே இல்லை, எழும்பும்போது கழுத்தை நீட்டப் பயந்து முதுகைக் குழித்துக்கொண்டு தாண்டினான், பின்னங்கால் ஒவ்வொரு கம்பிலும் பட்டது. ஒரு மாதத்துக்குள் தடைக்கு முன்னால் நின்றுவிட ஆரம்பித்தான். அதுவரை அவன் ஒருநாளும் நின்றதில்லை. தாண்டுவதற்குக் கழுத்துதான் குதிரைக்குத் தராசு முள், அதைப் பூட்டி வைத்துவிட்டு எழும்பு என்றால் எப்படி எழும்பும்?

ஏன் இப்படி ஆனது என்று பிறகு பிட்டை மேஜைமேல் வைத்து, வாரைக் கட்டி இழுத்துப் பார்த்தேன். இழுத்தால் மொத்த வளையமும் சுழல்கிறது, சுழன்றுகொண்டே இருக்கிறது, எங்கே நிற்க வேண்டும் என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. வாய்க்குள் இருக்கிற கம்பி உதட்டோரத்தை மேலே தூக்குகிறது, அதே நேரத்தில் தலைவார் காதுக்குப் பின்னால் கீழே அழுத்துகிறது. தலையைத் தூக்கு என்றும் தாழ்த்து என்றும் ஒரே மூச்சில் இரண்டு கட்டளை. அதைவிட மோசம், நான் கையைத் தளர்த்திய பிறகு எல்லாம் திரும்பிச் சுழன்று பழைய இடத்துக்கு வந்தால்தான் அவனுக்கு விடுதலை. இறங்கி அடுத்த பாய்ச்சல் வைப்பதற்குள் நான் விட்டுவிட்டேன் என்பது அவனுக்குத் தெரியவேண்டும். தெரியவில்லை. கீழ்ப்படிந்தும் வலி போகவில்லை என்றால் எந்தக் குதிரை இரண்டாவது முறை கீழ்ப்படியும்? இரண்டு ஜோடி வார் மாட்டி, ஒன்றைப் பெரிய வளையத்திலும் மற்றதை அடியிலும் வைத்து நிதானமாக ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு இது நல்ல பிட்டாகவே இருக்கலாம். ஒரே வாரை அடி வளையத்தில் மாட்டி, கை கொஞ்சம் கனமான என்னைப் போன்றவர்களுக்கு நான் இதைக் கொடுக்க மாட்டேன்.

ஐந்தாவது பெல்ஹாம், இப்போது தடை நாட்களில் இருப்பது இதுதான். வாய்க்கம்பியின் இரண்டு முனையிலும் மேலும் கீழுமாக நீள்கிற கம்பி, அதாவது மேல் கால், கீழ்க் கால், முகவாய்க்கு அடியில் தாடைச் சங்கிலி, இரண்டு ஜோடி வார். என்னுடையதில் வாய்க்கம்பி மூட்டில்லாமல் லேசாக வளைந்தது. கேட்டதும் "ஐயோ சங்கிலியா" என்று முகம் சுளிக்கிறார்கள், நானும் சுளித்தவன்தான். கணக்கைப் பாருங்கள். மேல் கால் 4 சென்டிமீட்டர், கீழ்க் கால் 8 என்றால், கீழ் வாரில் 1 கிலோ இழுத்தால் சங்கிலியில் ஏறக்குறைய 2 கிலோ, வாயில் 3 கிலோ. கடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் சங்கிலி முகவாயைத் தொட்டதும் பிட் சுழல்வது அங்கேயே நின்றுவிடும். சுமார் 45 டிகிரியில் நிற்கிற மாதிரி சங்கிலியை மாட்டிவைத்தால் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று அவனுக்குத் தெரியும். கையைத் தளர்த்தினால் அந்த நொடியே தளர்கிறது. மூன்று வளையத்தில் கிடைக்காதது எனக்கு இங்கே கிடைத்தது.

பெரும்பாலான நேரம் மேல் வாரில்தான் ஓட்டுகிறேன், கீழ் வார் சுண்டு விரலுக்கு வெளியே தொய்ந்து கிடக்கும். தாண்டும்போது இரண்டு கையையும் பிடரியோரம் முன்னால் தள்ளி முழுக் கழுத்தையும் கொடுத்துவிடுகிறேன். இறங்கி, முதல் பாய்ச்சலில் உட்கார்ந்து, இரண்டாவது பாய்ச்சலில் கீழ் வாரில் விரலை மூடித் திறக்கிறேன். கையே நகராது, ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி விரல் மட்டும். பதில் வந்ததா, விடு. வரவில்லையா, விட்டுவிட்டு மறுபடியும் கேள். பிடித்துக்கொண்டே இருந்தால் எந்தப் பிட்டும் ஒரு வாரத்தில் மரத்துப்போகும்.

இரண்டு ஜோடி வார் தொல்லை என்று தோல் இணைப்பு ஒன்றைப் போட்டு ஒரே வாராக மாற்றிக்கொள்கிறவர்கள் நிறைய. நானும் ஒரு நாள் போட்டேன். மேல், கீழ் இரண்டும் கலந்து கூழாகிவிட்டது, கழற்றிவிட்டேன். முதல் பத்து நாள் வார் கையில் சிக்கும், பரவாயில்லை, பழகும். சங்கிலியைத் தட்டையாக முறுக்கி மாட்டுங்கள், அடியில் ரப்பர் உறை போடுங்கள். என்னுடையது முதல் வாரம் முகவாயில் முடியைத் தேய்த்து வழுக்கையாக்கிவிட்டது, உறை போட்ட பிறகுதான் சரியானது.

வாயில் எதுவுமே இல்லாமல் மூக்கில் அழுத்துகிற ஹேக்கமோரையும் ஒரு நண்பரிடம் கடன் வாங்கிப் போட்டேன். வாயில் புண்ணோ பழைய பயமோ உள்ள குதிரைக்கு வரம் மாதிரி. அதையும் மென்மை என்று நினைத்துவிடாதீர்கள், நீளமான கால் வைத்தது மூக்கெலும்பின் மெல்லிய பகுதிமேல் இறங்கினால் மூச்சையே நெருக்கும். எனக்கு நிறுத்தம் கிடைத்தது, திருப்பம் கிடைக்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மூக்குப்பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. குறுக்காகப் போகும் கிராக்கிள் பட்டையைப் போட்டதும் தாடையைப் பக்கவாட்டில் தள்ளிப் பூட்டுவது குறைந்தது. 1931இல் இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் தடைப் பந்தயத்தை ஜெயித்த கிராக்கிள் என்ற குதிரையின் பெயர்தான் அந்தப் பட்டைக்கு, அதுவும் இழுக்கிற பயல்தான் போல என்று எனக்கு ஒரு ஆறுதல். பட்டையை இறுக்கிக் கட்டி வாயை மூட வைத்தால் பிரச்சினை மறையும், தீராது. மூக்குத்தண்டின் மேல்பக்கம், பக்கவாட்டில் இல்லை, இரண்டு விரல் தாராளமாகப் போகவேண்டும். 2025 முதல் சர்வதேசப் போட்டிகளில் அந்த இடத்தில் 1.5 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று கருவி வைத்தே பார்க்கிறார்கள். போட்டிக்குப் போகிறவர்கள் பிட்டுக்கும் விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள், தடை தாண்டுதலில் அனுமதிக்கிற பெல்ஹாமும் வாட்டர்ஃபோர்டும் டிரெஸாஜில், அதாவது தடை இல்லாமல் நடையழகைப் பார்த்து மதிப்பெண் போடுகிற போட்டியில், செல்லாது.

பிட்டுக்கு எவ்வளவு புண்ணியம், பயிற்சிக்கு எவ்வளவு என்று கேட்டால், பாதிக்குமேல் பயிற்சிக்குக் கொடுப்பேன். தரையில் கம்பு போட்டு அதன்மேல் ட்ராட், ஒரே ஒரு சின்னத் தடை, தாண்டியதும் நேராகப் போய் நிற்பது, நின்றதும் வாரை முழுக்க விட்டுக் கழுத்தில் தட்டிக்கொடுப்பது. இதை எத்தனை நூறு தடவை செய்தோம் என்று கணக்கே இல்லை. இன்னொரு நாள் தாண்டியதும் பெரிய வட்டம். வாரைச் சுருக்கினால் ஓடு என்று அவன் படித்துவைத்திருந்த பாடத்தை அழித்து எழுத அவ்வளவு நாள் பிடித்தது.

போன வாரம் அதே 18 மீட்டர் இடைவெளியை ஐந்து தடவை ஓட்டினேன். நான்கு தடவை நான்கு பாய்ச்சல். ஒரு தடவை மூன்று, அன்றைக்குக் காற்று வேறு, அவனுக்கும் குஷி. கையில் தோல் உரியவில்லை. உருண்டைத் துண்டு ஸ்நாஃபிளும் பெல்ஹாமும் ஆணியில் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன, வாட்டர்ஃபோர்ட் துணியில் சுற்றி அலமாரியில் இருக்கிறது. மூன்று வளையத்தை விற்கலாம் என்று துடைத்து வைத்தேன், அப்புறம் வாங்கிப் போகிறவரும் நேராக அடி வளையத்துக்குத்தானே போவார் என்று தோன்றியது. லாயக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதைத்தான் கொக்கியில் மாட்டியிருக்கிறேன்.